காய்க் கணக்கு வேண்டாம், குடக் கணக்கு போடுங்கள்

ஆனி முடியப் போகிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பெரியவர்கள் வாக்கு. அதனால் தோட்டம் வைத்திருப்பவனுக்கு வருடப் பிறப்பு ஜனவரியிலும் இல்லை, சித்திரையிலும் இல்லை, ஆடியில்தான் என்பது என் கட்சி. காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள், "இந்த வருஷம் மாடியில் என்ன போடலாம்?" என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பட்டியல். தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், புடலை, போதாததற்குக் காலிஃபிளவர் வேறு.

பட்டியல் போடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எழுபதைத் தொட்ட நாம் கணக்கைக் காயிலிருந்து தொடங்கக் கூடாது, தண்ணீர்க் குடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கு சுலபம்தான். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் இருக்கும் நடுத்தரப் பை ஒன்றுக்கு, காய்க்கிற செடியாக இருந்தால், தினமும் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். 30 பை என்றால் 60 லிட்டர். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 4 குடம். ஒரு நிறை குடம் 15 கிலோ. அதை நாளைக்கு நாலு முறை மாடிப்படி ஏற்ற நம் முழங்கால் சம்மதிக்குமா? தண்ணீர் சிந்திய படியில் கால் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று இந்த வயதில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"எங்கள் மாடியில் குழாய் இருக்கிறதே" என்பீர்கள். குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் நாம். அப்படி ஒரு கோடையில் செடிக்கு 4 குடம் ஊற்ற யாருக்கு மனம் வரும்? அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும்தான் மிஞ்சும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அது ஒரு குடம் தேறினாலே அதிகம்.

ஆகவே மழைக்காலத்துக்கு ஒரு இலக்கு, கோடைக்கு ஒரு இலக்கு என்று பிரித்துக்கொள்வதே சரி.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆடியில் தொடங்கினால் மார்கழி வரை அதிகம் சுமக்க வேண்டியதில்லை. அப்போதும் 12 பை போதும். வெண்டைக்கு 4 பை, பைக்கு இரண்டு செடி. இரண்டு பேருக்கு ஒரு பொரியல் ஆக எட்டுச் செடியாவது வேண்டும். 45 நாளில் காய் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கத்தரிக்கு 4 பை. கீரைக்கு 2 பை, பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் ஒன்று தீரும்போது மற்றது தயாராகும். மீதி இரண்டு பெரிய பையில் நாட்டு அவரை. அது பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். புரட்டாசியில் வெறும் இலையாக இருக்கிறதே என்று பிடுங்கிவிட வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

பங்குனி பிறந்தால் பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்துவிட வேண்டும். கறிவேப்பிலை, துளசி, கற்றாழை, இரண்டு பை கீரை. அரைக் குடம் தண்ணீரில் அத்தனையும் பிழைக்கும். கோடையில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, கடும் வெயிலில் பூ உதிர்ந்துவிடும். காலி பையைப் பார்த்து வருத்தப்படவும் வேண்டாம். மண்ணைக் கொட்டி வெயிலில் காயவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து மூடி வைத்தால் அடுத்த ஆடிக்குத் தயார்.

"ஆசைக்கு என்ன சார் கணக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசை இருப்பதால்தான் கணக்கு வேண்டும். நாற்பது பையோடு தொடங்கிய எத்தனையோ மாடிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு கோடையில் பாதி செடி கருகும். பார்க்கப் பிடிக்காமல் மாடிக்குப் போவதே நின்றுவிடும். பைகள் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் மடங்கிக் கிடக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விதை போட்டதாக எனக்கு நினைவில்லை.

அதே தெருவில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். அவரிடம் இருப்பது 8 பை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன வாளியோடு கைப்பிடியைப் பிடித்தபடி மாடிக்குப் போகிறார். கீரை கொஞ்சம் அதிகம் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறார். பெரிய விளைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வருடமாக ஒரு ஆடியும் தவறவில்லை. நம் வயதில் இலக்கு என்றால் இதுதான். இந்த வருடம் எத்தனை கிலோ பறித்தோம் என்பதை விட, அடுத்த வருடமும் மாடிக்குப் போக முடிகிறதா என்பதே முக்கியம்.

விதை வாங்கக் கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அரை வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு நிதானமாக ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் எத்தனை முறை முடிகிறதோ, அதற்குத் தகுந்த பைகளை மட்டும் வாங்குங்கள்.