ஷூ கம்பெனிக் கூலியும் நடவுக் கூலியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் டேனரி, ஷூ கம்பெனித் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விவசாயிகளிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "அங்கே கூட்டிக் கொடுத்தால் எங்கள் வயலில் நாற்று நட யார் வருவார்கள்?" மாதனூர்ப் பக்கம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் நெல் ரகங்களைப் பற்றிப் பேசப்போன நான், ஒரு மணி நேரம் இதற்கே பதில் சொல்லும்படி ஆயிற்று. நகரத்துக்கு ஒரு விகிதம், கிராமத்துக்குக் குறைந்த விகிதம் என்று வைத்துவிட்டால் ஆட்கள் ஊரோடு தங்குவார்கள் என்றார் ஒரு பெரியவர்.

கேள்வியில் நியாயம் உண்டு. ஓர் ஏக்கர் நடவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பெண்கள் வேண்டும். விடிந்ததும் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து இளம் பெண்களை ஏற்றிச் சென்றுவிடுகிறது. ஆனால் பெரியவர் சொன்ன மருந்து இந்த நோய்க்கு ஆகாது என்பது என் கருத்து. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நாள் கூலியை மட்டும் பார்த்து ஏறுவதில்லை. மாதம் முழுவதும் வேலை, தலைக்கு மேல் நிழல், பிராவிடண்ட் பண்டு, இ.எஸ்.ஐ. மருத்துவம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். நாம் கொடுப்பது நடவுக்குச் சில நாள், களைக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள்.

1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் முதல் பகுதியில் பீடித் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும், இரண்டாம் பகுதியில் விவசாயமும் இருந்தன. நம் பகுதியின் மூன்று பிழைப்புகளும் ஒரே அட்டவணையில்! அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு ஓர் அடிமட்டக் கூலியை நிர்ணயிக்கும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக்கூடாது. ஆனால் இடத்துக்கு இடம் விகிதம் வேறுபடலாம் என்றும் அது இடம் கொடுக்கிறது. பெரியவர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

ஆட்கள் வயலை விட்டுப் போனதற்குக் கூலி மட்டுமா காரணம்? பாலாற்றுப் பகுதியில் டேனரிக் கழிவு நீரின் உப்பு கிணறுகளில் இறங்கியதை மறந்துவிட்டோமா? 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், வேலூரிலுள்ள எங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்பது அந்தக் கணக்கு. கிணறு உப்பான விவசாயியின் மகள் இன்று கம்பெனியில் ஷூ தைக்கிறாள். நிலம் போயிற்று; அவளுடைய உழைப்பும் மலிவாகப் போகட்டும் என்று நாமே மனுக் கொடுப்பதா? பல சிறு விவசாயிகளின் வீட்டில் உர மூட்டை வாங்கும் பணமே அவள் சம்பளம்தான்.

விவசாயியின் உண்மையான வழக்கு விலையோடுதான். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,369 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாய் ஆக்கியது. மத்திய விலைக் கணக்கு அகில இந்தியச் சராசரிச் செலவின் மேல் போடப்படுவது. கூலி குறைந்த மாநிலங்களோடு சேரும்போது நம் செலவு அதில் கரைந்துவிடுகிறது. ஆகவே, குறைந்தபட்சக் கூலி உயரும் போதெல்லாம் மாநில ஊக்கத்தொகையும் உயர வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனிக் கூலியைப் பிடித்து நிறுத்தச் சொல்வதைவிட இது பலன் தரும்.

அதுவரை ஆள் செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. நன்கு மட்டப்படுத்திய, உப்பில்லாத வயலில் முளைகட்டிய விதையை டிரம் சீடர் கொண்டு விதைத்தால் இரண்டு ஆட்கள் அரை நாளில் ஓர் ஏக்கரை முடிக்கலாம். களை அதிகம் வரும். கோனோவீடரை உரிய நாளில் ஓட்டத் தவறினால் மிச்சப்பட்டதெல்லாம் களைக் கூலியாகப் போய்விடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பை நடத்துவது எங்கள் பல்கலைக்கழகம். கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் ரொக்கக் கூலியை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நடவு ஆட்களுக்குக் கொடுத்த சாப்பாடு, டீ, பக்கத்து ஊரிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஆட்டோ வாடகை ஆகிய அனைத்தையும் சொல்லி எழுதச் செய்யுங்கள்.