விலை முத்திரைக்கா, வேலைப்பாட்டுக்கா?

நம் வீடுகளில் தீபாவளிக்குத் துணி எடுக்கும் முறை மாறிவிட்டது. முன்பெல்லாம் அப்பா துணியைக் கையில் வாங்கிக் கசக்கிப் பார்ப்பார். அம்மா, சாயம் போகுமா என்று கடைக்காரரைக் குடைந்து எடுப்பார். இன்று பிள்ளைகள் முதலில் பார்ப்பது கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் பெயரை. பெயர் பிடித்துவிட்டால் விலையைப் பற்றிக் கேள்வியே இல்லை. அசலுக்குப் பணம் போதவில்லை என்றால் நம் மும்பையின் நடைபாதைக் கடைகளில் அதே பெயர் போட்ட போலி கிடைக்கிறது. சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் இதைப் பற்றிச் சலித்துக்கொள்வதைக் கேட்கிறேன். சலித்துக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு பெயர் எப்படி உண்டாயிற்று, அதன் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் தெரிந்துகொண்டால் பிள்ளைகளோடு நியாயமாகப் பேச முடியும்.

அதற்காக பர்பரி என்னும் ஆங்கிலேய நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். மணல் நிறத் துணியில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஒரு கட்டம் உண்டு. நிறுவனத்தின் பெயர் தெரியாதவர்கள்கூட அதை மஃப்ளரிலோ கைப்பையிலோ பார்த்திருப்பீர்கள்.

மழையில் நிற்பவருக்காக வந்த துணி

தாமஸ் பர்பரி 1835-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். ஜவுளிக்கடையில் வேலை பழகி, 1856-ல் தமது 21-ஆம் வயதில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் சொந்தக் கடை திறந்தார். சுற்றுவட்டார விவசாயிகளும், வேட்டை, மீன்பிடிப்பு என்று வெளியில் அலைகிறவர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். அந்த ஊர் மழையும் குளிர்காற்றும் நாம் அறிந்ததே.

அன்றைக்கு மழைக்கு என்று இருந்தது ரப்பர் கோட்டு. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மெக்கிண்டாஷ் 1823-ல் காப்புரிமை பெற்ற முறை அது. இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைத் தடவி ஒட்டுவார்கள். தண்ணீர் உள்ளே வராது, உண்மைதான். ஆனால் உடம்பின் வியர்வையும் வெளியே போகாது.

இந்த வேதனை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மழைக்காலத்தில் மலைச்சரிவுப் பகுதிகளில் இரவு முழுவதும் தண்டவாளத்தின் ஓரமாக ரோந்து நடக்கும் தொழிலாளிகளை மேற்பார்த்திருக்கிறேன். கையில் விளக்கு, பையில் டெட்டனேட்டர், மேலே கனமான மழைக்கோட்டு. விடியற்காலையில் கோட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சட்டையைப் பிழியலாம். நனைந்தது மழையிலா வியர்வையிலா என்று அவர்களுக்கே தெரியாது. மண் சரிந்திருக்கிறதா, பாறை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயிரம் பயணிகளைக் காப்பாற்றுகிற ஆளுக்கு உலர்ந்த ஒரு சட்டை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்பதால், பர்பரி செய்த வேலையின் அருமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

அவர் செய்தது இதுதான். நெய்த துணியின் மேல் எதையாவது பூசுவதற்குப் பதிலாக, நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர் ஒட்டாத பக்குவம் கொடுத்தார். பிறகு அந்த நூலை டுவில் எனப்படும் சாய்வரி நெசவில் மிக நெருக்கமாக நெய்தார். மழைத்துளி மேலே விழுந்தால் முத்தாக உருண்டு ஓடிவிடும். ஆனால் நூலுக்கும் நூலுக்கும் இடையே காற்று போய்வர வழி இருப்பதால் வியர்வை ஆவி வெளியேறும். எடையும் குறைவு. 1879-ல் உருவான இந்தத் துணிக்கு 1888-ல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் கேபர்டின். நம் தலைமுறையில் கேபர்டின் துணி எடுத்துப் பேண்ட் தைத்துக்கொண்டவர்கள் பலர் இருப்பீர்கள். அந்தச் சொல்லைத் துணிக்கடை வரைக்கும் கொண்டுவந்தவர் இவரே.

தென் துருவத்தை 1911-ல் முதன்முதலாக அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்சென் இந்தத் துணியைக் கொண்டுபோனார். 1924-ல் எவரெஸ்ட்டில் உயிர் நீத்த மல்லோரியும் பர்பரியின் கேபர்டின் மேலுடை அணிந்திருந்தார். 1999-ல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்ட பிறகு, அவர் உடுத்தியிருந்தவற்றைப் போலவே தைத்து 2006-ல் அதே மலையில் உடுத்திப் பார்த்தார்கள். நன்றாகவே தாங்கின என்று தெரிந்தது. எண்பது ஆண்டு கழித்தும் பரீட்சையில் தேறிய சரக்கு!

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளின் சேற்றிலும் மழையிலும் நின்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் அணிந்த கோட்டுதான் டிரெஞ்ச் கோட்டு. பர்பரி, அக்வாஸ்கூட்டம் ஆகிய இரு நிறுவனங்களும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. தோளில் இருக்கும் பட்டை பதவிச் சின்னத்துக்கு, இடுப்பு வாரில் இருக்கும் வளையம் சாமான் மாட்டுவதற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. ஆனால் அதிகாரிகள் தங்கள் செலவில் வாங்கிக்கொண்ட உடை அது. சாதாரண சிப்பாய்க்குக் கிடைத்தது கனத்த கம்பளிக் கோட்டுதான். வெளியில் உழைப்பவருக்காகப் பிறந்த துணி, வசதியுள்ளவரின் அடையாளமாக மாறத் தொடங்கியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே இருந்தது வெளியே வந்தது

நான் முதலில் சொன்ன கட்டம் 1920-களில் வந்தது. எங்கே தெரியுமா? கோட்டின் உள்ளே, லைனிங் துணியாக. போட்டிருப்பவருக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. 1926-ல் தாமஸ் பர்பரி காலமானார். 1955-ல் நிறுவனம் கிரேட் யுனிவர்சல் ஸ்டோர்ஸ் என்ற பெரிய வியாபாரக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. 1967-ல் பாரிஸ் கடையில் அந்தக் கட்டம் குடைத் துணியாக வெளியே வந்தது. பிறகு மஃப்ளர், பை, தொப்பி என்று எல்லாவற்றிலும் ஏறியது. மழை நிற்குமா என்று பார்த்து வாங்கியது போய், கட்டம் தெரிகிறதா என்று பார்த்து வாங்கும் காலம் வந்தது.

கட்டத்தைப் போலியாக அச்சடிப்பது சுலபம், கேபர்டினைப் போலியாக நெய்வதுதான் கடினம். ஆகவே போலி பெருகியது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பிரிட்டனிலேயே அந்தக் கட்டத் தொப்பி அணிந்தவர்களை ரவுடிகள் என்று கருதி, சில மதுக்கடைகள் உள்ளே விடவில்லை. நிறுவனமே 2004-ல் அந்தத் தொப்பியை நிறுத்தியது.

அடுத்து நடந்தவைதான் என்னை வருத்தியவை. வேல்ஸ் நாட்டின் ரோண்டா பள்ளத்தாக்கு, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன பகுதி. அங்கே ட்ரியோர்க்கி என்ற ஊரில் பர்பரியின் சட்டைத் தொழிற்சாலை இருந்தது. வெளிநாட்டில் குறைந்த செலவில் தைக்கலாம் என்று 2007 மார்ச்சில் அதை மூடினார்கள். சுமார் 300 பேருக்கு வேலை போயிற்று. தொழிலாளிகள் போராடினார்கள், பிரபலங்களும் குரல் கொடுத்தார்கள், பலிக்கவில்லை. சட்டையின் விலை மட்டும் குறையவில்லை.

2018-ல் இன்னொரு செய்தி வந்தது. விற்காமல் நின்ற 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே நிதியாண்டில் அழித்ததாக நிறுவனத்தின் ஆண்டறிக்கையே சொன்னது. அதில் துணியும் உண்டு, வாசனைத் திரவியங்களும் உண்டு. மலிவாக விற்றால் பெயர் கெட்டுவிடும் என்பதே இந்த வழக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்த பின், அதே ஆண்டு செப்டம்பரில் இனி அப்படிச் செய்வதில்லை என்று அறிவித்தார்கள். குளிரில் நடுங்குபவருக்காகத் துணி கண்டுபிடித்தவரின் பெயரைக் காப்பாற்ற, நல்ல துணியை நாசமாக்க வேண்டிவந்தது என்றால், அந்தப் பெயருக்கு இனி என்ன பொருள்?

தண்டவாளத்திலும் முத்திரை உண்டு

முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டவாளத்தின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தால் எழுத்துகள் புடைத்திருக்கும். தயாரித்த ஆலை, தண்டவாளத்தின் அளவு, மாதம், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. எந்தப் பயணியும் அதைப் பார்ப்பதில்லை. நாளைக்கு அந்தத் தண்டவாளத்தில் விரிசல் விட்டால், எந்த ஆலையில் எப்போது உருட்டியது என்று தேடிப் போய்க் கேட்பதற்காக அது இருக்கிறது. செய்தவர் தன் வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதுதான் முத்திரை. தாமஸ் பர்பரியின் பெயரும் தொடக்கத்தில் அப்படிப்பட்ட கையெழுத்தாகத்தான் இருந்தது.

முத்திரை இருந்தால்தானே தொழிலாளி பிழைப்பான் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றும் பர்பரியின் கேபர்டின் யார்க்‌ஷரில் கீத்லி என்ற ஊரில் நெய்யப்படுகிறது. அதே யார்க்‌ஷரின் காசில்ஃபோர்டில் டிரெஞ்ச் கோட்டு தைக்கப்படுகிறது. தேர்ந்த கைகள் அவை, அந்த வேலைக்குத் தக்க கூலி கிடைக்கட்டும். ஆனால் 2025 மே மாதம் உலகெங்கும் சுமார் 1700 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தபோது, காசில்ஃபோர்டின் இரவு ஷிப்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. பெயர் சரியும்போது முதலில் அடிபடுவது தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. முத்திரைக்காகவே அசலை வாங்குபவரும், அதே முத்திரைக்காகப் போலியை வாங்குபவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவருமே துணியைப் பார்க்கவில்லை. போலியை வாங்குபவர் கூடுதலாக ஒரு பொய்யையும் உடுத்திக்கொள்கிறார்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். சட்டையை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்திருக்கிறதா, பொத்தான் இறுக்கமாக இருக்கிறதா, துணியை வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியாக, இந்தப் பெயர் இல்லாவிட்டால் இதற்கு என்ன கொடுப்பாய் என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் தொகைதான் வேலைப்பாட்டின் விலை. அதற்கு மேல் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஊரை விட்டு வந்து உழைத்துச் சேர்த்த பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.