கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருப்பவர் பேசட்டும்

வெளியூர்ச் சுற்றுலா வண்டி எதுவும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் ஊட்டிக்கு ஏற முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. வண்டி எண், கைபேசி எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல் என்று எல்லாவற்றையும் பதிந்தால்தான் க்யூஆர் கோடு வரும். சாவடியில் அதை ஸ்கேன் செய்த பிறகே வழி. காந்தலில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும் டாக்சி ஓட்டுபவர்களுக்கும் இது பழகிப்போய்விட்டது. நெரிசலைக் குறைக்க வந்த ஏற்பாட்டில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், நெரிசலுக்காக வாங்கிய தகவலை நாளை யாராவது ஆள் தேட எடுத்தால் நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஊழியர் வாய் திறந்தால்தான் உண்டு.

போன் ஒட்டுக்கேட்பிலும் இதே கதைதான். உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலர். அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவிலும் அரசுச் செயலர்களே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குக் கடைசிவரை தகவல் கிடையாது. உளவு அமைப்புகளிடம் கேட்கலாமென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. உச்ச நீதிமன்றமே திணறியதைப் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் பார்த்தோம். நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையிலான குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் அந்தக் குழு கூறியது. நீதிமன்றத்துக்கே இந்தக் கதி என்றால், உள்ளிருந்து ஒருவர் பேசுவதைத் தவிர மக்களுக்கு வேறென்ன வழி?

பேசியவர்களை நாம் எப்படி நடத்தினோம்? தங்க நாற்கரச் சாலைத் திட்ட ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 500 ரூபாய் கொடுத்தால் யாருடைய ஆதார் விவரத்தையும் வாங்கலாம் என்று 2018 ஜனவரியில் ‘தி டிரிப்யூன்’ நாளேடு அம்பலப்படுத்தியது. ஆதார் ஆணையம் கொடுத்த புகாரில் பதிவான வழக்கில் செய்தியாளரின் பெயரும் சேர்ந்தது. அவருக்குத் தர வேண்டியது விருது, விசாரணை அல்ல என்று குரல் கொடுத்தவர்களில் எட்வர்ட் ஸ்னோடெனும் ஒருவர்.

அமெரிக்க உளவு அமைப்பு உலகையே வேவு பார்த்ததை 2013-ல் வெளிப்படுத்திய அதே ஸ்னோடென்தான். ஹாங்காங்கில் அவருக்கு ஒளிய இடம் கொடுத்தவர்கள், இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தஞ்சம் கேட்டு வந்திருந்த ஏழைகள். தொழில்நுட்ப உலகம் அவரைத் துரோகி என்றும் தியாகி என்றும் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. உருப்படியான வேலையைச் செய்தவர்கள் பொறியாளர்கள்தான். மக்களை மொத்தமாகக் கண்காணிப்பது ஒரு தாக்குதலே என்று இணையத்தின் தர விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014-ல் அறிவித்தது. 2016-ல் வாட்ஸ்அப் எல்லோருடைய உரையாடலுக்கும் மறையாக்கப் பூட்டு போட்டது. மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்டியது சட்டவிரோதம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. ஸ்னோடென் இன்னும் ரஷ்யாவில்தான் இருக்கிறார்.

தேசப் பாதுகாப்பு ரகசியம் வெளியே போகலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில், 2014-ல் நிறைவேறிய இடித்துரைப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. விவகாரத்தை வீதிக்குக் கொண்டுவராமல், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் போன்ற அமைப்பிடம் முறையிட அது வழி செய்கிறது. அரசு ஊழியர் மட்டுமல்ல, யாரும் புகார் தரலாம்; பெயரை வெளியிட்டால் தண்டனை உண்டு. அலுவல் ரகசியச் சட்டமும் புகாருக்குத் தடையாகாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பைப் பறிக்கத்தான் 2015-ல் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், அது காலாவதியானது. ஆனால், சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை. ரகசியம் கசியக் கூடாது என்று கவலைப்படுபவர்கள்தான் இந்தச் சட்டத்தை முதலில் கேட்க வேண்டும். முறையிட வழி இருந்தால் யாரும் நாட்டை விட்டு ஓட வேண்டியதில்லை.

நீலகிரி எம்.பி. உள்ளிட்ட தமிழக உறுப்பினர்கள், அந்தச் சட்டத்தைத் திருத்தமின்றி அமல்படுத்துமாறு நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டும். இ-பாஸ் தகவல் எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பதை மாநில அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இந்த மலையிலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரசுக்கான மென்பொருளை எழுதுவது உங்களைப் போன்றவர்கள்தான். உங்களில் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டினால் கைதட்டுவதோடு நிற்காதீர்கள். அவர் சொல்வதைச் சோதித்துப் பாருங்கள். உண்மையென்றால் வக்கீல் செலவுக்கும் வேலை போனால் வீட்டுச் செலவுக்கும் தோள் கொடுங்கள்.

குடியரசுத் தலைவர் 2014 மே 9 அன்று ஒப்புதல் அளித்த சட்டம் இது. அதை அமலுக்குக் கொண்டுவர நாடாளுமன்றம் மறுபடி கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஒரு அறிவிக்கை போதும்.