ஒரு தாள் கனம்

ரெயில் என்றதும் பட்டர்வொர்த் ஸ்டேஷனை நினைத்துவிடாதீர்கள். இந்த வாரம் நான் எழுதப்போவது ஒரு சாண் நீளம்கூட இல்லாத ரெயிலைப் பற்றி. வேட்டைத் துப்பாக்கியின் முதுகில் திருகாணி போட்டு முடுக்கி, அதன் மேல் ஸ்கோப்பை உட்கார வைப்பார்கள். பார்ப்பதற்குக் குட்டித் தண்டவாளம் மாதிரிதான் இருக்கும். குறுக்கே சிலீப்பர் கட்டைகளைப் போல வரிசையாகப் பள்ளம் வெட்டியிருக்கும்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதக் காரணம் என் அக்காள் மகன். நியூசிலாந்துக்குக் குடிபோய், அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்து, மான் வேட்டைக்குப் போகிறான். அந்த நாட்டில் மான் வந்தேறி விலங்கு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டது. காட்டைத் தின்று தீர்ப்பதால், சுடுவதைப் பாவமாக யாரும் நினைப்பதில்லை. "மாமா, நீங்க டூல் ரூம்ல இருந்த ஆள்தானே, எந்த ரெயில் வாங்கலாம், எப்படி மாட்டலாம்?" என்று கேட்டான். நான் துப்பாக்கிக்காரன் இல்லை. ஆனால் பாயான் லெப்பாஸில் முப்பத்தைந்து வருஷம் மைக்ரோமீட்டரோடு குப்பை கொட்டியவன். இரண்டு இரும்பை இழுபறியில்லாமல் ஒன்றோடு ஒன்று உட்கார வைப்பது என் தொழில்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ரெயிலின் முன் திருகாணிக்கும் பின் திருகாணிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதன் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன ஆகும்? 0.1 என்பது நம் வீட்டு ஏ4 தாளின் கனம். அவ்வளவுதான். ஆனால் 100 மீட்டரில் குறி 6.7 சென்டிமீட்டர் விலகும். 200 மீட்டரில் 13 சென்டிமீட்டர். மானின் நெஞ்சில் உயிர்நிலை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வட்டம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நடுவில் குறிவைத்தவனின் குண்டு அந்த வட்டத்தைத் தாண்டிப் போய்விடும். மான் விழாது, தப்பவும் தப்பாது. குடலிலோ காலிலோ ஈயத்தோடு புதருக்குள் ஓடும்.

காயத்தோடு தப்பிய மிருகம் என்றால் எனக்குச் சம்பாவத் பெண்புலிதான் ஞாபகத்துக்கு வரும். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தி, வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எவனோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்தான் மனிதரிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஸ்கோப் இல்லை, ரெயிலும் இல்லை. ஆனாலும் மருமகனிடம் நான் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான்.

இனித் தேர்வு. கடையில் இரண்டு பெயர் சொல்வார்கள்: வீவர், பிக்கட்டினி. அமெரிக்காவில் 1930-இல் ஸ்கோப் செய்ய ஆரம்பித்த வில்லியம் வீவரின் பெயர் முதலாவது. இரண்டாவது, நியூஜெர்சியிலுள்ள ராணுவ ஆயுதசாலையின் பெயர்; 1995-இல் ராணுவத் தர அளவாக அறிவிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. வித்தியாசம் பள்ளத்தில் இருக்கிறது. வீவர் பள்ளம் 4.57 மில்லிமீட்டர் அகலம், இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிக்கட்டினி பள்ளம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர், எங்கே வாங்கினாலும் ஒன்றே. வீவர் வளையம் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும். பிக்கட்டினி வளையத்தின் குறுக்குக் கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காது. ஆகவே பிக்கட்டினி வாங்கு என்றேன்.

ஒரே துண்டாக வரும் ரெயிலா, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றா? எனக்கு ஒரே துண்டுதான் பிடிக்கும். ஆனால் அது அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உதாரணமாக ரெமிங்டன் 700-இன் மேற்பாகம் முன்னே உயரம், பின்னே தாழ்வு. 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு; மலையேறுகிறவன் அதை விரும்புவான். ஆனால் சூட்டில் எஃகைப் போல இரண்டு மடங்கு நீளும். விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஆறு அங்குல ரெயிலில் இரண்டு உலோகத்துக்கும் நடுவே 0.03 மில்லிமீட்டர் இழுபறி வரும். நல்ல திருகாணி அதைத் தாங்கும். இருந்தாலும் என் கை எஃகைத்தான் எடுக்கும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கமாக 20 மினிட் சரிவு வைத்த ரெயில் கிலோமீட்டர் தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு. 200 மீட்டர் மான் வேட்டைக்குக் காசுக்குக் கேடு.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். துப்பாக்கியில் ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். திருகாணியையும் ஓட்டையையும் ஸ்பிரிட்டில் துடைத்து எண்ணெயை எடுக்க வேண்டும். அடுத்தது பலரும் செய்யாதது. முன்பக்கத் திருகாணிகளை மட்டும் முடுக்கிவிட்டு, பின்பக்கம் ரெயிலுக்கும் துப்பாக்கிக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். நுழைகிறதா? அப்படியானால் பின் திருகாணியை முடுக்கும்போது இரும்பு வளைந்துதான் ஒட்டும். வளைந்த இரும்பு சும்மா இருக்காது, நிமிரப் பார்க்கும். இடைவெளி மாறாமல் நின்றால் குறிசரிபார்க்கும்போது அதை ஈடுகட்டிவிடலாம். சுடச்சுட, ஒவ்வொரு உதைக்கும் மயிரிழை மயிரிழையாக மாறுவதுதான் ஆபத்து. சிலர் தகர டப்பாவை வெட்டிச் சொருகுவார்கள். வேண்டாம். துப்பாக்கியின் மேல் பூட்ஸ் பாலிஷ் தடவி, ரெயிலின் அடியில் எபாக்ஸி பூசி, வளையாதபடி லேசாக உட்கார வைத்து ஒரு நாள் விட்டால், எபாக்ஸியே அந்தப் பள்ளத்தை நிரப்பி அச்செடுத்துக்கொள்ளும். பாலிஷ் இருப்பதால் துப்பாக்கியில் ஒட்டாது. எங்கள் டூல் ரூமில் மெஷின் அடிக்கட்டையைச் சமன்செய்ய இதே வேலையைத்தான் செய்தோம்.

பிறகு நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்ற நெருப்புக் காட்ட வேண்டிவரும். சாதாரணமாக வரும் 6-48 திருகாணி மூன்றரை மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு, அதாவது 2 நியூட்டன்-மீட்டர் அளவு முறுக்கு போதும். ரெயிலோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சட்டம். கைப்பழக்கத்தில் முடுக்குகிறவர்கள் ஒன்று தளரவிடுவார்கள், இல்லை தலையை முறித்துவிடுவார்கள். முடுக்கியதும் போல்ட்டைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். முன் திருகாணி நீளம் அதிகமானால் உள்ளே இறங்கி போல்ட்டைப் பிடிக்கும்.

வளையத்தை வைக்கும்போது, பள்ளத்துக்குள் அதை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் சட்டென்று நகர்ந்தால் நாம் பின்னால் சாய்கிறோமே, அந்தக் கதைதான். முன்சுவரில் முதலிலேயே ஒட்டியிருந்தால் நகர இடமில்லை.

எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த வேலை நடக்காது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்த .405 வின்செஸ்டர், மாடல் 1895. அதில் சுட்ட தோட்டா நேராக மேலே தெறிக்கும். அங்கே ரெயில் வைத்தால் தோட்டா அதில்தான் மோதும்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், பாகங்களும் சேர்த்தி. கூலிம் பக்கம் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள், ஆன்லைனில் எதையாவது பார்த்து ஆர்டர் போடுவதற்கு முன் போலீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வேலையை லைசென்ஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று கேட்பதில் தப்பில்லை.

மருமகன் ரெயிலை மாட்டிப் படம் அனுப்பியிருந்தான். பின்பக்கம் 0.15 இடைவெளி இருந்ததாம், எபாக்ஸி போட்டிருக்கிறான். ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் ரெயிலுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். இருபது ரவை சுட்ட பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும்.

அடுத்த வாரம் நம் ஊர் ஈரக்காற்றில் பைனாகுலர், கேமரா கண்ணாடிகளில் பிடிக்கும் பூஞ்சை பற்றி. பலர் கேட்டிருக்கிறீர்கள்.