சிறிய வீடும் பெரிய திரையும்



நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று டோம்பிவிலியில் வசிக்கிறது. முன்னறை ஒன்று, படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று. அவற்றுள் வாழ்வோர் ஐவர். இல்லத்தரசியார் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே சரிபார்த்துக் கொடுத்து ஊதியம் பெறுகிறார். அவருக்கு வாய்த்த கருவி பதினான்கு அங்குல மடிக்கணினி ஒன்றே. வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் அச்சிறு திரையில் மாறி மாறித் திறந்து பார்க்கையில், ஒரு நாள் 45,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 54,000 என்று எழுதிவிட்டார். பிழை இருக்குமிடம் புலப்படும்வரை இரண்டு இரவுகள் அவருக்கு உறக்கமில்லை.

"இன்னொரு திரை வாங்கலாம், ஆனால் அதை வைக்க மேசை வேண்டும், மேசைக்கு இடம் வேண்டுமே!" என்று சங்கக் கூட்டத்தில் என்னிடம் வருந்தினார். "இரண்டாம் திரை உங்கள் முன்னறைச் சுவரிலேயே தொங்குகிறதே, அம்மா!" என்றேன். அவ்வார ஞாயிறன்று அவர் இல்லம் சென்றேன். அங்கு நிகழ்ந்ததை அக்குடும்பத்தாரின் இசைவுடன் இங்கே எழுதுகிறேன், பலருக்கும் பயன்படக்கூடும்.

மடிக்கணினியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் இணைக்க எளிய வழி எச்.டி.எம்.ஐ. கேபிள். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா முதலிய ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த முறை இது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்லும். 1987-இல் வந்த பழைய வி.ஜி.ஏ. இணைப்பில் படம் மட்டுமே செல்லும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை இராது, யூ.எஸ்.பி.-சி துளையே இருக்கும். அதற்கென இடைக் கருவி கிடைக்கும். ஆயினும் அத்துளைகள் எல்லாமே படத்தை வெளியே அனுப்புவன அல்ல. கணினியின் கையேட்டைப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் நலம்.

கேபிளைச் செருகியபின் தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் செருகினோமோ அதன் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறே செய்தோம். மடிக்கணினியில் இருந்ததெல்லாம் அப்படியே சுவரில் தோன்றியது. பேத்தி கைதட்டினாள். அந்நேரத்தில் திரையின் மூலையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுந்தது. அவ்வம்மையாரின் தம்பி அனுப்பியது: பள்ளிக் கட்டணத்துக்காகக் கொடுத்த கைமாற்றுத் தொகையை இம்மாதம் திருப்ப இயலுமா என்ற வினா. நாற்பத்து மூன்று அங்குலத் திரையில் அதை யாவரும் படித்தோம். மாமனார் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார். ஒருவரும் பேசவில்லை.

பிழை என்னுடையதே. முதலில் அறிவிப்புகளை நிறுத்திவைக்குமாறு நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றியும், நாங்கள் இருந்த முறையே அவர் வேலைக்கு உகந்ததன்று. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு முறைகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, விரித்த காட்சி, இரண்டாம் திரை மட்டும். ஒரே காட்சியை இரண்டிலும் காட்டினால் எழுத்துப் பெரிதாகுமேயன்றி இடம் பெருகாது. மூன்றாவதாகிய விரித்த காட்சியே கணக்கெழுதுவோர்க்குரியது. அதில் பேரேடு மடிக்கணினியிலும், வங்கிக் கணக்கு சுவரிலும் இருக்கும். மடிக்கணினியை முதன்மைத் திரையாக வைத்தால் அறிவிப்புகளும் அதிலேயே தோன்றும், அந்தரங்கம் சுவரேறாது.

பின்னர்ச் சிறு திருத்தங்கள் செய்தோம். தொலைக்காட்சி இடப்புறம் இருக்க, கணினி அதை வலப்புறமாகக் கொண்டிருந்தது. சுட்டியை இடப்பக்கம் நகர்த்தினால் ஓரத்தில் முட்டி நின்றது. திரை அமைப்பில் காணும் இரு கட்டங்களை இடம் மாற்றி வைத்தவுடன் அது ஒழுங்காயிற்று. எழுத்துகள் சிறுத்திருந்தமையால் அளவை 150 விழுக்காடாக உயர்த்தினோம். படத்தின் ஓரங்கள் வெட்டுண்டிருந்தன. பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து வழக்கத்தின் எச்சம் அது. தொலைக்காட்சியின் பட அளவைத் திரைக்குப் பொருந்துமாறு மாற்றினால் நீங்கும். ஒலி தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. ஒலிக்குறியைத் தொட்டு அதை மடிக்கணினிக்கே திருப்பினோம். முதியவர் கால் இடறாதபடி கேபிளைச் சுவரோரமாக ஒட்டினோம். கேபிளின்றி இணைக்கும் மிராகாஸ்ட் என்ற முறையும் 2012 முதல் உண்டு. படம் பார்க்க அது போதும். சுட்டியின் அசைவு சற்றுப் பிந்துவதால் வேலைக்குக் கேபிளே சிறந்தது.

எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. பகலெல்லாம் பெட்டி மருமகளுக்கென்றால், மாமனாரின் செய்தி என்னாவது? ஊரை விட்டு வந்த முதியவருக்குப் பகற்பொழுதில் வேறு துணையில்லை. அதை நான் எண்ணிப் பாராமலேயே கேபிளுடன் வந்திருந்தேன். அம்மையாரும் தயங்கினார். "வேண்டாம், மாமா. உங்களுக்கு என்ன இருக்கிறது, இதை விட்டால்?" என்றார்.

பெரியவர் சொன்னார்: "காலை பத்திலிருந்து ஐந்து மணி வரை பெட்டி உன்னுடையது, அம்மா. மத்தியானச் செய்திக்கு மட்டும் அரை மணி கொடு. நீயும் அப்போதுதான் சாப்பிட வேண்டும். தம்பிக்கு இந்த மாதமே கொடுத்துவிடலாம் என்று எழுது. என் பென்ஷன் இருக்கிறது." அதற்குமேல் அப்பேச்சை அவர் வளர்க்கவில்லை.

சென்ற ஞாயிறு மீண்டும் சென்றிருந்தேன். அன்று திரைகள் இரண்டிலும் ஒரே காட்சி. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடம் சுவரில் விரிந்திருந்தது. பேத்தியும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவரும் தரையில் அமர்ந்திருந்தனர். பெரியவர் குடைக்கம்பியால் ழகரத்தைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லிக்கொடுத்தார். அம்மையார் சமையலறை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறிவிப்புகளை நிறுத்தியாயிற்றா என்று நான் வினவினேன். "அது முதல் வேலை!" என்றார் நகைத்து.