குதிரை வண்டியும் பூட்டிய அறையும்

கோடைகாலச் சனிக்கிழமைகளில் கிங்ஸ்பரி வீதியால் நடந்து செல்வோர் இடைக்கிடை ஒரு காட்சியைக் காண்பதுண்டு. வெள்ளைக் குதிரைகள் பூட்டிய அலங்கார வண்டியொன்று விழா மண்டபத்தை நோக்கி மெல்ல நகரும். உள்ளே எம்மவர் வீட்டுப் பெண்பிள்ளை பட்டுடுத்தி வீற்றிருப்பாள். படப்பிடிப்பாளர்கள் முன்னும் பின்னும் ஓடுவர். பூப்புனித நீராட்டு விழாவுக்கு இவ்வாறு குதிரை வண்டி பிடிப்பது இன்று புலம்பெயர்ந்த எம் சமூகத்தில் வழமையாகிவிட்டது. அது தேவையா, ஆடம்பரமா என்ற வாதத்துக்கு நான் இங்கு வரவில்லை. பெற்ற பிள்ளையைக் கண்குளிரப் பார்க்க விரும்புவது குற்றமாகாது.

ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய விழாவொன்றில் நான் கேட்ட பதில் இன்றும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கின்றது. வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளைக்கு ஒன்பது வயதில் ஒரு தம்பி இருப்பதை நான் அறிவேன். பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவன். தானாக நிமிர்ந்து உட்கார இயலாதவன். “மகன் எங்கே?” என்று தாயிடம் கேட்டேன். “அவன் வீட்டில நிக்கிறான் அண்ணை. அம்மம்மா பார்த்துக்கொள்ளுறா. சனத்துக்குள்ள கொண்டுவந்தால் சரிவராது” என்றார். அக்காவைச் சுமந்துவர இரண்டு குதிரைகள் வந்தன. தம்பி வரவில்லை.

சில மாதங்களின் பின்னர் அதே தாய் ஒரு கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது அயலவர்க்கு நான் செய்துவரும் சிறு உதவி. மகன் கற்கும் விசேட பாடசாலை, வாரம் ஒருமுறை அவனைக் குதிரையேற்றத்துக்கு அழைத்துச்செல்லப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டிருந்தது. தந்தைக்கு உடன்பாடில்லை. “இருக்கவே ஏலாத பிள்ளையைக் குதிரையில ஏத்தி விளையாட்டுக் காட்டுறதோ?” என்பது அவர் கேள்வி. அது நியாயமான கேள்விதான். எம்மில் பலர் கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே. ஆகவே அதற்கு விடை கூறுவது அவசியமாகின்றது.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசைகின்றது. அவ்வசைவு ஏறியிருப்பவரின் இடுப்புக்குக் கடத்தப்படுகின்றது. மனிதன் தன் கால்களால் நடக்கும்போது இடுப்பு எவ்வாறு அசையுமோ, ஏறத்தாழ அவ்வாறே அமைவது இதன் சிறப்பு. ஒருநாளும் நடந்தறியாத பிள்ளையின் உடல், நடையின் தாளத்தைக் குதிரையின் முதுகிலிருந்து கற்றுக்கொள்கின்றது. நிமிடத்துக்கு நூறு அடிகள் அளவில் குதிரை நடக்க, அத்தனை தடவையும் பிள்ளையின் முதுகுத் தசைகள் சமநிலையைத் தேட வேண்டியுள்ளது. குதிரையின் உடற்சூடும் ஏறத்தாழ முப்பத்தெட்டுப் பாகை. மனிதரிலும் சற்றே கூடியது. அவ்வெம்மை இறுகிய தசைகளைத் தளர்த்த உதவுகின்றது.

இதனைச் செய்து காட்டியோரும் உளர். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணி 1944 இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயலில்லை. அவரே 1952 இல் ஹெல்சின்கி ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். அவரைச் சுமந்த குதிரையின் பெயர் ஜூபிலி. நாள்தோறும் கிங்ஸ்பரியிலிருந்து ஜூபிலி பாதை நிலக்கீழ்ப் புகையிரதத்தில் வேலைக்குச் செல்லும் எம்மவர் அப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹார்ட்டெலின் வெற்றி பல நாடுகளில் மருத்துவர்களின் கண்களைத் திறந்தது. பிரித்தானியாவில் 1965 இல் இதற்கென ஓர் ஆலோசனைச் சபை அமைந்தது. 1969 இல் அது, ஆர்.டி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அங்கவீனர் குதிரையேற்றச் சங்கமாக மாறியது. இன்று நாடெங்கும் அதற்கு நூற்றுக்கணக்கான குழுக்கள் உள்ளன. பெருமூளை வாதத்துடன் பிறந்த சோபி கிறிஸ்டியன்சன் ஆறு வயதில் அத்தகைய குழுவொன்றிலேயே முதன்முதலாகக் குதிரை ஏறினார். 2012 இல் இதே இலண்டனில், கிறீன்விச் பூங்காவில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டிகளில் அவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். கிங்ஸ்பரியிலிருந்து சில மைல் தொலைவில், வேர்ம்வூட் ஸ்கிறப்ஸ் சிறைச்சாலைக்கு அண்மையில், 1989 இல் ஒரு மட்டக்குதிரை நிலையத்தைத் தொடங்கியவர் மேரி ஜோய் லாங்டன் என்னும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. முன்னர் தீயணைப்பு வீராங்கனையாக விளங்கிய அவர், நகரத்துப் பிள்ளைகளுக்கும் அங்கவீனமுற்ற பிள்ளைகளுக்கும் குதிரையின் தோழமையைக் கிடைக்கச் செய்தார்.

மிகைப்படுத்திக் கூறுவதும் தவறு. குதிரை எந்த நோயையும் மாற்றிவிடாது. ஓட்டிசம் அதனால் நீங்காது. நடவாத கால் ஒரே பருவத்தில் நடந்துவிடாது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் இருப்புநிலையும் சமநிலையும் ஓரளவு மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கப்பால் உறுதி கூறுவோரை நம்பவேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துவதுமில்லை. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள், டவுன் சின்ட்ரோம் காரணமாகக் கழுத்தெலும்பு உறுதியற்றவர்கள் போன்றோர் மருத்துவரின் ஆலோசனையின்றி ஏறக்கூடாது. வழமையான இயன்மருத்துவத்துக்கு இது மாற்றீடுமன்று. இவை அனைத்தையும் அத்தந்தைக்கு நான் எடுத்துக் கூறினேன். மருத்துவரும் தடையில்லை என்றார். தாய் கையொப்பமிட்டார்.

முதல்நாள் மொழிபெயர்ப்பாளனாக நானும் உடன் சென்றேன். சாய்தளம் வழியாகப் பிள்ளையை ஏற்றி, ஒரு மண்ணிற மட்டக்குதிரையின் முதுகில் அமர்த்தினார்கள். கயிற்றைப் பிடித்து ஒருவர் முன்னே நடந்தார். பக்கத்துக்கு ஒருவராக இருவர் பிள்ளையின் தொடையைப் பிடித்தபடி நடந்தனர். பிள்ளை உரத்து அழுதான். கை கால்கள் உதறின. குதிரை காதை மட்டும் அசைத்துவிட்டு அப்படியே நின்றது. பத்து நிமிடத்தில் அழுகை ஓய்ந்தது. பிடரிமயிரில் விரல்கள் பதிந்தன. “அவன் இப்போது தன் முதுகைத் தானே தாங்குகிறான்” என்று பயிற்சியாளர் கூறியதை நான் தாய்க்குச் சொன்னேன். வேலிக்கு வெளியே நின்ற அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இவனை நான் நிமிர்ந்து பார்த்தது இண்டைக்குத்தான் அண்ணை” என்றார். ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியைக் குனிந்தே பார்த்த கண்கள் அவை.

அப்பிள்ளை இன்றும் நடப்பதில்லை. ஆனால் உணவு மேசையில் சிறிது நேரம் சாயாமல் இருக்கிறான். அவ்வீட்டில் அது பெரிய மாற்றம்.

“சாது மிரண்டால் காடு கொள்ளாது” என்பர். இக்குதிரைகள் மிரளாமல் இருப்பது தற்செயலன்று. சக்கர நாற்காலி, திடீர்க் கூச்சல், சமமற்ற பாரம் ஆகியவற்றுக்கு அவை பொறுமையோடு பழக்கப்படுகின்றன. ஒருபக்கம் சாய்ந்த பாரத்தைச் சுமப்பதால் அவற்றின் முதுகும் நோகும். ஓய்வும் மருத்துவமும் முதுமையில் ஆதரவும் அவற்றுக்கு வேண்டும். இதனை உணர்ந்தே 1886 இல் ஆன் லிண்டோ என்ற பெண்மணி, ஹறோவுக்கு அண்மையில் உழைத்துக் களைத்த குதிரைகளுக்கு ஓர் ஓய்வில்லம் அமைத்தார். அக்காலத்தில் கிங்ஸ்பரி வயல்களில் விளைந்த உலர்புல்லே இலண்டன் வீதிகளில் வண்டியிழுத்த குதிரைகளுக்குத் தீனியாயிற்று. இன்று நாம் மாலையில் உலாவும் ஃபிறையன்ற் பூங்காவின் புல்வெளிகள் அவ்வயல்களின் எச்சமே. குதிரை எமக்கும் அந்நியமன்று. அந்நியர் ஆட்சியில் வந்து, கைவிடப்பட்டு, நெடுந்தீவின் வறண்ட வெளிகளில் நீரின்றி வாடும் மட்டக்குதிரைகளை எம்மில் பலர் நேரில் கண்டுள்ளோம்.

எனவே, குறை குதிரையில் இல்லை. எம் வீடுகளில் உண்டு. அங்கவீனமுற்ற பிள்ளையை முன்வினைப் பயன் என்று கருதும் பழக்கத்தையும் நாம் பெட்டியோடு இங்கு கொண்டுவந்துவிட்டோம். மூத்தவளின் கலியாணம் தடைப்படும் என்று இளையவனை மறைக்கிறோம். உதவி கேட்டால் வதிவிட உரிமைக்குப் பாதகமாகும் என்ற அச்சத்தில், பிள்ளைக்கு உரித்தானதையும் கேளாமல் விட்ட குடும்பங்களை நான் அறிவேன். போரில் கை கால் இழந்தோரைத் தாயகத்தில் தலைநிமிர்ந்து நடக்கவைக்கப் பணம் அனுப்பும் அதே கைகள், சொந்த வீட்டில் அறைக்கதவைச் சாத்துகின்றன. மறைத்து வைப்பதற்குப் பிள்ளை களவுப் பொருளா?

செய்யக்கூடியவை பல. பிள்ளையின் பாடசாலையிடமோ இயன்மருத்துவரிடமோ குதிரையேற்றம் பற்றி வாய்திறந்து கேளுங்கள். இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம்; கேளாதவர் பெயர் பட்டியலில் ஒருபோதும் ஏறாது. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் பற்றியும் விசாரியுங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். ஆர்.டி.ஏ. குழுக்கள் பெரும்பாலும் தொண்டர்களாலேயே இயங்குகின்றன. ஒரு பிள்ளை ஏறுவதற்கு மூவர் உடன் நடக்கவேண்டும் என்றால், பற்றாக்குறை எங்கே தோன்றும் என்பது விளங்கும். எம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அதற்குக் கொடுக்கலாம். ஆலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒரு குதிரையின் தீனிக்கு ஒதுக்கலாம்.

இறுதியாக, விழா வைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குதிரை வண்டி பிடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் தம்பிக்கும் ஓர் இருக்கை ஒதுக்கிவிட்டுப் பிடியுங்கள். சனம் பார்க்கும். பார்க்கட்டும்.