ஆங்கில வகுப்புக்கு எந்தக் கருவி முதலில்? திருகோணமலை ஆங்கில ஆசிரியர்களின் நிலைப்பாடு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள், கல்வி அதிகாரிகளுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் எங்கள் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறோம்.

பிள்ளையைக் கேட்கவும் பேசவும் வைக்கும் கருவியே வகுப்புக்கு முதலில் வரவேண்டும். அதன் விலையும் புதுமையும் எங்களுக்குப் பெரிதல்ல. ஒரு பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்பதே எங்கள் அளவுகோல்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்?

மூன்றாம் தரம் முதல் சாதாரண தரம் வரை 9 ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடம். முடிவில் வரும் பரீட்சை எழுத்துத் தாள்களோடு நின்றுவிடுகிறது. பரீட்சையில் கேட்காததை வகுப்பும் கைவிட்டுவிடுகிறது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால், 40 நிமிடப் பாடவேளையில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. சோடி சேர்த்துப் பேசவிட்டால் ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவார்கள்.

இதற்கு வழி எங்கள் துறைமுகத்திலேயே இருக்கிறது. பிறநாட்டுக் கப்பல் உள்ளே வரும்போது பைலட்டும் மாலுமிகளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட தொடர்பாடல் வாக்கியத் தொகுப்பின்படி, சுக்கான் பிடிப்பவர் தமக்கு இடப்படும் ஒவ்வொரு கட்டளையையும் திருப்பிச் சொல்லவேண்டும். வகுப்பிலும் அதைச் செய்யலாம். வெண்கட்டியால் தரையில் துறைமுகத்தை வரைவோம். ஒரு பிள்ளை 'போர்ட் டென்', 'மிட்ஷிப்ஸ்' என்று கட்டளையிட, மற்றப் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிக் கடதாசிக் கப்பலை நகர்த்தும். தவறாகக் கேட்டால் கப்பல் கரை தட்டும். கேட்டலும் பேசலும் விளங்கிக்கொள்ளலும் அங்கே ஒன்றாக நடக்கின்றன.

ஒலி வேறுபாட்டைப் பழக்கவும் ஒரு கருவி வேண்டும். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்'தான். ஆகவே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை விடவேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொன்னால் போதும்: குண்டூசிக்குக் கடதாசி துள்ளும், குப்பைத்தொட்டிக்கு அசையாது. பிறநாட்டுப் பயிற்சி நூல்கள் 'ஷிப்', 'ஷீப்' வேறுபாட்டில் நெடுநேரம் செலவிடுகின்றன. குறிலும் நெடிலும் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய சிரமமில்லை.

ஸ்மார்ட் போர்டை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் பயிற்சியும் இணையமும் பழுது பார்க்க ஆளும் இல்லாத இடத்தில் அது பூட்டிய அறைக்குள் போய்விடும்.

நாங்கள் கேட்பவை

1. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் ஒலிபெருக்கி; இலங்கையர் குரலில் பதிவான, இணையமின்றி இயங்கும் கேட்டல் பயிற்சிகள்.

2. சோடிப் பேச்சுக்கான பட அட்டைகளும், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய எளிய வாசிப்பு நூல்களும். சந்தை, படகுத்துறை, நிலாவெளிக் கடற்கரை என இவ்வூர் வாழ்க்கை அவற்றில் இருக்கவேண்டும்.

3. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் கேட்டலுக்கும் பேசலுக்கும் புள்ளிகள்.

4. விளங்காத இடத்தில் தாய்மொழியில் விளக்கும் உரிமை. தமிழில் ஒரு சொல் கேட்டதற்காக எந்தப் பிள்ளையும் தண்டிக்கப்படக்கூடாது.

நாங்கள் செய்யப்போவது

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் இம்மாவட்டத்தில் அதற்கு நேரடிப் பொருள் உண்டு. நாங்கள் உருவாக்கும் அட்டைகளையும் ஒலிப்பதிவுகளையும் தமிழ், சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் இரண்டுக்கும் இலவசமாகப் பகிர்வோம்.

உதவ வருவோரிடம் ஒரே வேண்டுகோள்: எந்தக் கருவியை வாங்குவதாக இருந்தாலும், பணம் கட்டுமுன் அந்த வகுப்பின் ஆசிரியரைக் கேளுங்கள்.